மீல் மேக்கரும் நான்கு ஆண்களும்

கொடுத்தனுப்பிய குருமா அப்படியே திரும்பி வந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

எனக்குச் சுருக்கென்று இருந்தது.

இரண்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மீல் மேக்கர் குருமா வைத்திருந்தேன். அதுதாங்க, சோயா உருண்டை. வெந்நீரில் ஊறவைத்து, ஒட்டப் பிழிந்து, கறி மசாலா போட்டு இறக்கினால் தீர்ந்தது. கறிக்கடை வரிசையில் நிற்கச் சோம்பல்படுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் அதுதான் கறி.

கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு தம்பதி வாடகைக்கு இருக்கிறார்கள். ஜெயசீலன், எஸ்தர். (இரண்டுமே நான் வைத்த பெயர்கள். “எழுதுறதுன்னா எழுதுங்க, நல்ல பேரா வைங்கக்கா” என்று ஜெயசீலனே கேட்டுக்கொண்டார்.) ஜெயசீலனுக்கு கும்மிடிப்பூண்டியில் ஒரு ஸ்டீல் மில்லில் வேலை. ஃபர்னஸ் செக்‌ஷன். எஸ்தர் ஒரு கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறாள்.

அவர்களுக்கு ஒரு கிண்ணம் குருமா அனுப்பினேன். எங்களுக்குள் கிண்ணம் காலியாகத் திரும்பும் வழக்கமில்லை. நான் ரசம் அனுப்பினால் அவள் கருவாட்டுத் தொக்கு அனுப்புவாள். நான் சுண்டல் கொடுத்தால் கிறிஸ்துமஸ் கேக் வரும்.

இந்த முறையும் கிண்ணம் காலியாகத் திரும்பவில்லை. என் குருமாவே திரும்பி வந்தது!

சும்மா இருப்பேனா? படியேறிப் போய்விட்டேன். ஜெயசீலன்தான் கதவைத் திறந்தார்.

“கோச்சிக்காதீங்கக்கா. நல்லாத்தான் கீது. வாசனையே ஆளத் தூக்குது. ஆனா அத்த ஆம்பளைங்க துன்னக்கூடாதாம்.”

“யார் சொன்னது?”

“கம்பெனி குரூப்ல வந்துதுக்கா. அதுல லேடீஸ் ஹார்மோன் கீதாம். துன்னுக்கினே இருந்தா ஆம்பள ஹார்மோன் எறங்கிடுமாம். கொயந்த நிக்காதாம்.”

‘குழந்தை’ என்ற வார்த்தை வந்ததும், சமையலறை வாசலில் நின்ற எஸ்தர் உள்ளே போய்விட்டாள். கல்யாணமாகி ஆறாவது வருஷம் நடக்கிறது அவர்களுக்கு.

ஜெயசீலன் விடவில்லை. “எங்க கேண்டீன்ல புதன்கிழமைக்குப் புதன்கிழமை இதான்க்கா கொழம்பு. எத்தினி வருஷமா துன்னுக்கினு கீறோம்! இப்பதான் மேட்டரே புரியுது. செக்‌ஷன்ல நாங்க நாலு பேரு உருண்டைய எல்லாம் பொறுக்கி ஓரமா வெச்சுட்டோம். முட்ட போடுன்னு கேட்டுக்கினு கீறோம். காண்ட்ராக்டரு பேஜாராயிட்டாரு.”

கீழே வந்ததும் முதல் வேலையாக என் வீட்டுக்காரரை உற்றுப் பார்த்தேன். முப்பது வருஷமாக என் மீல் மேக்கரைச் சாப்பிட்டு வருகிற மனுஷன். பெண்களுக்கான ஹார்மோன் உள்ளே போயிருந்தால் ஏதாவது ஒரு அறிகுறி வேண்டாமா? இன்றுவரை சாப்பிட்ட தட்டைத் தானாகக் கழுவி வைத்ததில்லை.

இருந்தாலும் வீட்டுக்காரரை ஆதாரமாக வைத்துப் பத்தி எழுத முடியுமா? பொன்னேரியில் எனக்குத் தெரிந்த மகப்பேறு மருத்துவர் ஒருவர் இருக்கிறார். எஸ்தரை அவரிடம் முதலில் அனுப்பி வைத்தவளும் நான்தான். அவருக்கு போன் போட்டேன். வேறு யார் பேச்சையும் எடுக்காமல், சோயாவைப் பற்றி மட்டும் கேட்டேன்.

“வாரத்துக்கு ஒருத்தர் இதைக் கேட்கிறாங்க” என்று அலுத்துக்கொண்டார். “சோயாவில ஈஸ்ட்ரோஜன் மாதிரி ஒரு தாவரப் பொருள் இருக்கு. அது உண்மைதான். ஆனா ‘மாதிரி’தான். நம்ம உடம்புல அதோட வேகம் ரொம்பக் கம்மி. ஆம்பளைங்களுக்குச் சோயா கொடுத்து, ரத்தத்துல ஹார்மோனை அளந்து பலதடவை பார்த்தாச்சு. சாதாரணமா சாப்பிடுற அளவுல டெஸ்டோஸ்டிரோன் குறையவும் இல்ல, ஈஸ்ட்ரோஜன் ஏறவும் இல்ல.”

“அப்போ இந்த பயம் எங்கேயிருந்து வந்தது டாக்டர்?”

“தினமும் லிட்டர் கணக்கில சோயா பால் குடிச்சுக்கிட்டே இருந்த யாரோ ஒருத்தர் ரெண்டு பேருக்குப் பிரச்சினை வந்ததா எழுதி வெச்சிருக்காங்க. எதையும் அந்த அளவுக்குக் குடிச்சா வம்புதானே? வாரத்துல ஒருநாள் குழம்புல நாலு உருண்டை... விடுங்கம்மா. தைராய்டு மாத்திரை போடுறவங்க மட்டும் மாத்திரைக்கும் சோயாவுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி விட்டா போதும்.”

அவ்வளவுதான், எனக்குக் கை பரபரத்தது. வாட்ஸ்அப் வதந்திகள் என்றால் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வரும் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிற உங்களுக்குத் தெரியும். ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். சீனாவில் காலம் காலமாக சோயா சாப்பிடுகிறார்களே, அங்கே ஜனத்தொகைக்கு என்ன பஞ்சம் என்று ஒரு கேள்வியும் போட்டேன். எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

மறுநாள் மாலை, கிண்ணம் விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்க எஸ்தர் கீழே வந்தாள். உட்காரவைத்துப் பெருமையாக முழுக் கட்டுரையையும் படித்துக் காட்டினேன். அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

அவள் முகம் வாடிப்போனது.

“அக்கா... இத்த இந்த வாரம் போடாதீங்க.”

“ஏன்? ஏதாவது தப்பா எழுதிட்டேனா?”

“தப்பு ஒண்ணியும் இல்லக்கா. எல்லாம் கரெக்டா கீது. அதான் பயமா கீது.”

எனக்குப் புரியவில்லை. அவள் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

“நாலு வருஷமா நான் மட்டும்தான் போய்க்கினு வந்துக்கினு கீறேன். ஸ்கேன் எடுத்தாங்க. ரத்தம் எடுத்தாங்க. கொழாயில அடைப்பு கீதான்னு மருந்து உட்டுப் பாத்தாங்க, அன்னிக்கு வலியில உயிரே பூட்ச்சு. எனக்கு ஒரு கொறையும் இல்லன்னுட்டாங்க. டாக்டரம்மா மொத நாளே சொன்னாங்கக்கா. ஊட்டுக்காரர இட்டுக்கினு வாம்மா, அவருக்கு எடுக்குற டெஸ்ட்டுதான் ரொம்ப ஈஸின்னு. இவரு காதுலயே வாங்கல. ‘எனக்கு இன்னா கேடு? நல்லாத்தான கீறேன்’னு சட்டைய மாட்டிக்கினு கெளம்பிடுவாரு.”

“சரி, இப்போ?”

“இந்த மீல் மேக்கரு மெசேஜு வந்த பெறவு அவராவே சொல்றாருக்கா! கம்பெனி சோறு இன்னா பண்ணி வெச்சுதுன்னு டெஸ்ட் எடுத்துப் பாத்துரலாம்னு. வர்ற வெள்ளிக்கிழம போறாரு. கூட மூணு பேரு வராங்களாம். நீங்க பாட்டுக்கு அது பொய்யின்னு எழுதிட்டா அங்கியே நின்னுடுவாரு. உங்க பக்கத்த வாராவாரம் படிக்கிறாருக்கா.”



நம் ஊரில் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனதும் ஆரம்பிக்கும் பாருங்கள் அந்தக் கேள்வி. “விசேஷம் ஏதாவது உண்டா?” யாரைப் பார்த்துக் கேட்கிறார்கள்? பெண்ணைப் பார்த்துத்தானே? மாப்பிள்ளையிடம் யாராவது கேட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவருக்குக் காபி கொடுப்பார்கள். அவளை உள்ளே கூப்பிட்டு விசாரிப்பார்கள். அப்புறம் விரதம், உபவாச ஜெபம், நேர்த்திக்கடன், ஸ்கேன், ஊசி, மாத்திரை... எல்லாம் அவள் உடம்புக்குத்தான். கூடப் போகிறவர் வண்டியை நிறுத்திவிட்டு வெளியிலேயே நின்றுகொள்வார்.

அப்படி வெளியில் நின்ற ஒருவர் இப்போது உள்ளே வருகிறேன் என்கிறார். பொய்யான காரணத்துக்காகத்தான் வருகிறார். வரட்டுமே!

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது சுலபமாக இல்லை. பொய் என்று தெரிந்த ஒன்றைப் பார்த்தும் பேசாமல் இருப்பது என் சுபாவத்துக்கே ஆகாது. வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார். ஆனால் எஸ்தர் முகத்தைப் பார்த்த பிறகு சீனாவின் ஜனத்தொகையா முக்கியம்?

கட்டுரையை எடுத்து வைத்துவிட்டு, ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட கதை ஒன்றை அவசர அவசரமாக எழுதி அனுப்பினேன். “இந்த வாரம் சப்பென்று இருந்தது” என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். வாஸ்தவம்தான் ஐயா. காரணம் இதுதான்.

வெள்ளிக்கிழமை வந்தது. நான்கு பேரும் மத்தியானத்துக்கு மேல் பர்மிஷன் போட்டுவிட்டு, ஒரே ஷேர் ஆட்டோவில் கும்மிடிப்பூண்டி பஜாரில் இருக்கும் ஒரு லேபுக்குப் போனார்கள். ஒருவருக்குப் புதுக் கல்யாணம். மற்ற இரண்டு பேருக்கும் ஜெயசீலனின் கதைதான். போகும் வழியெல்லாம் கேண்டீன்காரரைத் திட்டிக்கொண்டே போனார்களாம்.

மாலையில் எஸ்தர் கீழே வந்தாள். கையில் ரிப்போர்ட்.

“என்ன ஆச்சு?”

“சுகர் நூத்திப் பத்துக்கா.”

“என்னது?”

“சுகர் டெஸ்ட்டு எடுத்துக்கினு வந்துகீறாரு!”

நடந்தது இதுதான். லேபில் கூட்டம். கவுன்டரில் சின்னப் பெண். “என்ன டெஸ்ட் அண்ணா?” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கணீரென்று கேட்டிருக்கிறாள். பெஞ்சில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் நின்றவர் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தார். “சுகர்” என்றார். “உங்களுக்கு?” என்றாள் அடுத்தவரிடம். “எனக்கும்.” மூன்றாமவர், “எனக்கும்.” ஜெயசீலன் கடைசி. அவராவது சொல்லியிருக்கலாம் இல்லையா? “எனக்கும்மா.”

காய்ச்சிய இரும்புக்கு முன்னால் வருஷக்கணக்காக நிற்கிற நான்கு பேர். அந்தச் சின்னப் பெண்ணுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை.

எஸ்தர் அழுதாள். நான் சிரித்துவிட்டேன். அழுகிறவள் முன்னால் சிரிக்கக்கூடாது என்று தெரியும், அடக்க முடியவில்லையே! கடைசியில் அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். இதில் இன்னொரு கூத்து. நான்கு பேரில் ஒருவருக்கு நிஜமாகவே சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்திருக்கிறது. அவர் மறுநாளே மாத்திரை ஆரம்பித்துவிட்டார். மீல் மேக்கர் செய்த முதல் நன்மை என்று இதைத்தான் சொல்ல வேண்டும்.

எஸ்தர் அதோடு விடவில்லை. அடுத்த வாரம் லீவு போட்டாள். புருஷனையும் லீவு போடவைத்து, ரயிலேற்றிப் பொன்னேரிக்கு அழைத்துப் போனாள். ஆஸ்பத்திரி கவுன்டரில் அதே கேள்வி. “என்ன டெஸ்ட்?” ஜெயசீலன் வழக்கம்போல ஃபேனைப் பார்க்க ஆரம்பித்ததும், இவளே சொல்லிவிட்டாள்.

“எங்க ஊட்டுக்காரருக்கு செமென் டெஸ்ட் எடுக்கணும்.”

கூரை இடிந்து விழவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பேரு, வயசு சொல்லுங்க” என்றாளாம் கவுன்டரில் இருந்த பெண், குனிந்த தலை நிமிராமல். நான்கு வருஷமாக ஒரு ஆள் பயந்தது இதற்குத்தான்.

இரண்டு நாள் கழித்து ஜெயசீலன் என்னைப் பார்க்க வந்தார். வாடகை கொடுக்க வந்தால் வாசலிலேயே நிற்கிறவர், அன்று உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். டீ கொடுத்தேன்.

“கவுன்ட்டு கம்மியாத்தான் கீதாம்க்கா. ஓட்டமும் கொஞ்சம் மந்தமாம். ஆனா... இல்லாம இல்ல.” டீயை ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடியும் சொன்னார். “இல்லாம இல்லக்கா.”

“டாக்டர் என்ன சொன்னாங்க?”

“இன்னா வேலன்னு கேட்டாங்க. ஃபர்னஸ்ன்னேன். எத்தினி வருஷமான்னாங்க. ஒம்போதுன்னேன். எழுதிக்கினே இருந்தவங்க பேனாவக் கீழ வெச்சுட்டாங்க. அந்த எடம் உடம்பு சூட்ட விடக் கொஞ்சம் கூலா இருக்கணும்னுதான் ஆண்டவன் வெளிய வெச்சிருக்கான், நீ அத்தக் கொண்டும்போயி அடுப்புக்கு நேரா நிறுத்தியிருக்கியேப்பான்னாங்க. இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்லமுடியாதாம். ஆனா சூடு ஒரு காரணமா இருக்கலாமாம். அப்பால, வாயில இன்னான்னு கேட்டாங்க...”

வாயில் இருந்தது புகையிலை. அதை அன்றே துப்பச் சொல்லிவிட்டார் டாக்டர். இறுக்கமான ஜீன்ஸ் வேண்டாம், கொஞ்ச நாளைக்கு உலைப் பக்கம் வேண்டாம், புதிதாக உற்பத்தியாகி வர ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும், அதற்குப் பிறகு இன்னொரு டெஸ்ட். ஜெயசீலன் நேராக சூப்பர்வைசரிடம் போய் விஷயத்தைச் சொல்லியே கேட்டிருக்கிறார். டெஸ்பாட்ச் பக்கம் மாற்றிவிட்டார்கள். தயாரான கம்பிகளைக் கட்டி லாரியில் ஏற்றுகிற இடம். வெயில் உண்டு, உலை இல்லை.

“சோயாவைப் பத்திக் கேட்டீங்களா?”

“கேட்டேன்க்கா. சிரிச்சாங்க. தாராளமா துன்னுன்னாங்க. ‘நாலு உருண்டைய ஓரமா பொறுக்கி வெச்சீங்களே, அந்த ஃபர்னஸ ஓரமா வெச்சீங்களா’ன்னு கேட்டாங்க.”

இனியும் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. சோயா சமாசாரம் பொய் என்று எனக்கு முன்பே தெரியும், எழுதியும் வைத்திருந்தேன், அவர் டெஸ்ட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் வெளியிடவில்லை என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கோபித்துக்கொள்ள நியாயமும் இருந்தது.

அவர் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானும் அத்த முழுசா நம்பலக்கா.”

“என்ன சொல்றீங்க?”

“அதே கேண்டீன்ல எங்கூட உக்காந்து துன்றவனுக்கெல்லாம் ரெண்டு ரெண்டு புள்ள கீது. எனக்குத் தெரியாதா? எங்கிட்டதான் இன்னாவோ கொற கீதோன்னு ரெண்டு வருஷமாவே பயம். அவ ஒவ்வொரு வாட்டி ஆஸ்பத்திரிக்குப் போயி வரச்சொல்ல நெஞ்சு அடிச்சுக்கும். வெளிய சொல்ல வாய் வரலக்கா. ‘மீல் மேக்கரு’ன்னு சொன்னா வாய் வந்துச்சு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பார்த்தீர்களா கூத்தை? அவருக்காக எஸ்தர் மறைத்தாள். எஸ்தருக்காக நான் மறைத்தேன். அவரோ தனக்குத்தானே மறைத்துக்கொண்டிருந்தார். நடுவில் பாவம், ஒரு சோயா உருண்டை அத்தனை பேர் பழியையும் சுமந்துகொண்டு கேண்டீன் தட்டின் ஓரத்தில் கிடந்திருக்கிறது.

ஆண்பிள்ளைகளை எளிதாகத் திட்டிவிடலாம். நானே நிறையத் திட்டியிருக்கிறேன், இதே பக்கத்தில். ஆனால் ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்ல அவர்களுக்கு நாம் ஒரு வார்த்தையாவது சொல்லிக்கொடுத்திருக்கிறோமா? காய்ச்சல் என்றால் சொல்வார்கள். முதுகுவலி என்றால் ஊரைக் கூட்டுவார்கள். இதற்கு மட்டும் யார் மேலாவது பழி போட்டால்தான் வாய் திறக்கிறது. பெண்டாட்டி மேல் போடாமல் குழம்பின் மேல் போட்டாரே, அதுவரைக்கும் ஜெயசீலன் நல்ல மனுஷன் என்பேன்.

என்னிடம் சொன்னதை அன்றே மாடியேறிப் போய் எஸ்தரிடமும் சொல்லிவிட்டார். மறுநாள் அவள் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

“பொன்னேரி ஆஸ்பத்திரி வராண்டாவுல பச்ச கலர்ல ஒரு பெஞ்சு கீதுக்கா. நாலு வருஷமா அதுல நான் ஒண்டியாதான் உக்காந்துக்கினு இருப்பேன். அன்னிக்கு அவரு எம் பக்கத்துல உக்காந்தாரு. டெஸ்ட்டு எப்படி வந்தாலும் பரவால்லன்னு அப்பவே தோணிப்போச்சு.”

குழந்தை உண்டாகிவிட்டதா என்று கேட்கிறீர்களா? நீங்களுமா! மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. முடியட்டும். எனக்கென்னவோ நல்ல சேதி வரும் என்றுதான் மனசு சொல்கிறது. வராவிட்டாலும் அடுத்து என்ன செய்யலாம் என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து கேட்கப் போகிறார்கள். அது போதாதா?

சரி, இப்போதாவது எழுதட்டுமா என்று ஜெயசீலனிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

“எழுதுங்கக்கா. ஆனா செக்‌ஷன்ல இன்னும் ரெண்டு பேரு போவல. அடுத்த வாரம் சம்சாரத்த இட்டுக்கினு போறேன்னு சொல்லிக்கினு கீறானுங்க. அவனுங்க போயி வரட்டும்.”

காத்திருந்தேன். முந்தாநாள் அவர்களும் போய்விட்டு வந்துவிட்டார்களாம். சுகர் டெஸ்ட் இல்லை, விசாரித்துவிட்டேன்.

ஆகவே ஆண்களே, சோயாவால் உங்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது.

டெஸ்ட்டாலும் ஒன்றும் ஆகிவிடாது.